நாலு மூலையிலும் மஞ்சள்

கண்ணா,

நீ நேற்று அனுப்பிய படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைப் பலகை, அதில் ஒரு வெள்ளை சாக்கெட், பக்கத்தில் தனியாகக் கிடக்கும் சதுரச் சில்லு. "அம்மா, இந்த ப்ராசஸர் எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்? சித்திப் பாட்டி உன்னைத்தான் கேக்கச் சொன்னாங்க" என்று கீழே எழுதியிருந்தாய். மயூர் விஹார் வீட்டுப் பரணை ஒழிக்கக் கனகா சித்திக்கு ஒத்தாசையாகப் போனவன், ஒரு பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டோடு திரும்பியிருக்கிறாய். அடுத்த வாரம் டெல்லியை விட்டுக் குவஹாத்திக்குப் போகிறவன், பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு, இதை ஓட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்கிறாய். சென்னையிலிருந்து நான் இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சில்லை அந்தப் பலகையில் முதல்முதலாக வைத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். அதைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் கடகடவென்று ஓடி, சில்லை வைக்கிற இடத்துக்குத் தாவிவிடுவாய்.

அப்போது நாங்கள் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். உன் தாத்தாவுக்கு அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை. இரண்டு அறை, ஒரு பால்கனி, பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கீழே என் மேஜை. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. அச்சடித்த தாள் எது கையில் கிடைத்தாலும் விடமாட்டேன். வேர்க்கடலை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து, பாதியில் அறுந்த கதையை இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருப்பேன். பிரஷர் குக்கரோடு வந்த சிறு புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, இந்தியிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்களா என்று சரிபார்ப்பேன். அம்மா, "இவளைக் கட்டிக்கிறவன் பத்திரப் பேப்பர்ல எழுதிக் குடுத்தாத்தான் இவ சோறே போடுவா" என்பாள். உன் அப்பாவிடம் கேள், அது எவ்வளவு தூரம் பலித்தது என்று.

கனகா சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகி மூன்றாம் வருஷமே சித்தப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகு துறையூரில் பெரிய மாமா வீட்டில் இருந்தாள். பெரிய மாமா அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், நல்ல மனிதர், தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் அந்த வீட்டில் சித்திக்கு எல்லா வேலையும் இருந்தது, எந்த விசேஷமும் இல்லை. வளைகாப்புக்குக் கலவை சாதம் ஐந்தும் கிளறுவாள், வளையல் அடுக்கும்போது கொல்லைப்பக்கம் போய்விடுவாள். யாரும் போகச் சொல்லமாட்டார்கள், அவளாகவே போவாள். அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது துணைக்கென்று டெல்லிக்கு வந்தவள், அம்மா எழுந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்துபோய்த் தேங்காய் பேரம் பேசத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் அவள். தாத்தா தன்னோடு வேலை பார்த்த ஒருவரிடமிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். மாணவர்களின் ஆய்வேடுகளை அதில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கொண்டுவந்து போடும் கையெழுத்துக் கட்டுகளை அவளுக்கு முன்னால் நான் வாசித்துவிடுவேன்.

அந்த வேலை வரும், போகும். நிலையாக ஒன்று வேண்டும் என்று தேடியபோதுதான் கரோல் பாக் அச்சகத்து பல்பீர்ஜி கிடைத்தார். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் டெல்லித் தமிழர்கள் தையிலும் மாசியிலும் கல்யாணம் வைப்பார்கள், ஊருக்குப் போய்ப் பத்திரிகை அடித்து வர அவர்களுக்கு நேரம் இருக்காது என்பது நன்றாகத் தெரியும். தமிழ் எழுத்துக்களோடு பக்கம் அமைக்கும் மென்பொருளைச் சித்தியிடம் கொடுத்து, "மகளே, திங்கட்கிழமைக்குள் ஒரு பத்திரிகை அடித்துக் கொண்டுவந்து காட்டு. நன்றாக இருந்தால் தமிழ் வேலை முழுக்க உனக்குத்தான்" என்று இந்தியில் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அதை ஏற்றினால் ஏறவில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த ப்ராசஸர் மலிவான வகை. கணக்குப் போடும் பகுதி அதற்குள் கிடையாது, அது இல்லாமல் அந்த மென்பொருள் ஓடாது. மதர்போர்டை அப்படியே வைத்துக்கொண்டு, ப்ராசஸரை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்று போட்டால் போதும் என்று மதர்போர்டோடு வந்த கையேட்டில் வாசித்துச் சொன்னது நான்தான். அந்தக் கையேட்டை என்னைத் தவிர யாரும் அதுவரை பிரித்ததுகூட இல்லை.

இந்த நேரத்தில் பெரிய மாமா துறையூரிலிருந்து வந்து இறங்கினார். வரும்போதே திரும்பிப் போக டிக்கெட் எடுத்திருந்தார். திங்கட்கிழமை காலை வண்டி, இரண்டு பெர்த்.

"ஒனக்கும் சேத்துத்தான்மா எடுத்திருக்கேன்," என்றார் சித்தியிடம், காபியை ஆற்றிக்கொண்டே. "அக்கா வீடுன்னாலும் எத்தனை நாளைக்கு? இங்க ரெண்டு ரூம்ல அவங்களே நெருக்கிக்கிட்டு இருக்காங்க. அங்க ஒன் ரூம் அப்படியே இருக்கு. ஒன் அண்ணியும் தனியா அல்லாடுறா. வந்தா நீ பாட்டுக்கு இருந்துக்கலாம், ஒரு சிரமம் இல்ல."

"இங்க எனக்கு வேலை வரப் போகுதுண்ணே."

"வரப் போகுது. வந்திருச்சா?"

தாத்தா செய்தித்தாளைத் தாழ்த்தி, "மச்சான், திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கே. பாப்போம்" என்றார். மாமா, "பாருங்க மாப்பிள்ளை, பாருங்க. நான் என்ன கையப் பிடிச்சா இழுக்கறேன்?" என்றார். வீட்டில் அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை தாத்தாவும் சித்தியும் நேரு ப்ளேஸுக்குக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே நடைபாதையில் விரித்திருந்த கடைகளையும், மாடி மாடியாகப் பலகைகளை அடுக்கி வைத்திருந்த சின்னச் சின்ன அறைகளையும் வாய்பிளந்து பார்த்தபடி சித்தியின் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு கடைக்காரர் கறுப்பு ஸ்பாஞ்சில் குத்திவைத்த ஒரு சில்லை எடுத்துக் கொடுத்தார். யாரோ கழற்றிப் போட்டது. மேலே பொருத்த வேண்டிய விசிறி மறுநாள்தான் வரும், அதுவரை ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்து அணைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது என்றார். அதுதான் நேற்று நீ படம் எடுத்து அனுப்பிய சில்லு.

ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் நல்ல வெயில். மேஜையில் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி வைத்தோம். கையேட்டில், உடம்பில் மின்சாரம் தங்கியிருந்தால் சில்லு கெட்டுப்போகும் என்று போட்டிருந்தது. டெல்லிக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி தெறிப்பது உனக்குத் தெரியும். எனவே நான் தாத்தாவையும் சித்தியையும் கம்பளி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு வரச் செய்தேன். தாத்தா பனியனோடு நடுங்கிக்கொண்டே, "ஆபீஸ்ல ஜாயின்ட் செக்ரட்டரி சொன்னாக்கூட நான் இதெல்லாம் செய்யமாட்டேன்" என்றார். ஜம்பர் என்று சொல்வார்கள், நெல்மணி அளவு கறுப்பு மூடிகள். புது ப்ராசஸருக்கு ஏற்றபடி அவற்றை ஓர் ஊசியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை எனக்கு. அம்மாவின் கோலப்பொடி டப்பா மூடியில் அவற்றைச் சிந்தாமல் வைத்துக்கொண்டு, படத்தையும் பலகையையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் போட்டேன். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது சொன்னால் நீ சிரிப்பாய். வாசித்த ஒன்று கைக்குக் கீழே அப்படியே இருப்பதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

அம்மா உள்ளேயிருந்து மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு வந்தாள். வீட்டுக்கு எது வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். புதுத்துணி, கல்யாணப் பத்திரிகை, என் பரீட்சை ஹால் டிக்கெட், எல்லாவற்றுக்கும்.

"மார்கழி மாசத்துல புதுச் சாமானுக்கு மஞ்சள் வைப்பாங்களா?" என்றார் மாமா. அவர் பால்கனிக் கதவோரம் ஸ்டூலில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார்.

"எது புதுசு? நேரு ப்ளேஸ்ல எவனோ கழட்டிப் போட்டது. அதுக்கு மார்கழி எல்லாம் போயிட்டு வந்திருக்கும்" என்ற அம்மா, கிண்ணத்தைச் சித்தியிடம் நீட்டினாள். "இந்தா, நீயே வை."

சித்தி கையை நீட்டவில்லை. மாமா தொண்டையைச் செருமினார். "ஏன் சரசு, நீ வச்சுக் குடுக்கலாமில்ல? அவ கையால எதுக்கு?"

"அவ மிஷினு. நான் எதுக்கு வைக்கணும்?" அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. உன் பாட்டி பூஜை புனஸ்காரத்தில் ஒரு அணுவும் பிசகாதவள். சித்தியை அவள் அதற்கு முன் எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நில் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்று ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னாளில் நான் கேட்டபோது, "ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்ப எனக்குத் தலை வாரிப் பொட்டு வச்சு விட்டது யாரு? அந்தக் கைதானே?" என்று மட்டும் சொன்னாள்.

சித்தி கிண்ணத்தை வாங்கினாள். விரல் நுனியால் தொட்டு வைத்தால் போதும். அவளோ ஒரு விரல் நிறைய எடுத்து, சில்லின் நாலு மூலையிலும் அழுத்தி வைத்தாள். வெகுநாள் கழித்து எழுதுகிறவர்கள் பேனாவை அழுத்துவார்களே, அந்த மாதிரி. வெயிலில் மஞ்சள் உடனே காய்ந்து தடித்தது. நான் ஜம்பரை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் கையேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கவில்லை.

சாக்கெட்டின் ஓரத்தில் இருக்கும் கம்பியைத் தூக்கினால் துளைகள் தளரும். பழைய சில்லு அலுங்காமல் வந்துவிட்டது. புதியதைத் தாத்தா எடுத்து, அதன் மேலிருந்த ஆங்கில எழுத்துக்கள் நம் பக்கம் நேராகத் தெரியும்படி திருப்பினார். "எழுத்து படிக்கிறவன் பக்கம் பாத்து இருக்கணும். ஆபீஸ்ல ஃபைலைத் தலைகீழா வச்சா மெமோ குடுப்பான்" என்றார். முப்பது வருஷம் கோப்புகளை நேராக வைத்த கை அது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, புத்தகத்தைத் தலைகீழாக யார் வைப்பார்கள்? சில்லும் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. ஓர் ஊசி வளையவில்லை, ஒரு சிறு தடை இல்லை. கம்பியைத் தாழ்த்தி, "பாத்தியா, வெண்ணெய் மாதிரி எறங்குது" என்றார் தாத்தா. சித்தி சுவிட்சைப் போட்டாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு பீப் சத்தமும் வரவில்லை. கேபிளைச் சரியாகச் செருகவில்லையோ என்று தாத்தா பின்பக்கம் குனிந்தார். அப்போது அம்மா சமையலறை வாசலில் நின்று, "அடுப்புல நான் ஒன்னுமே வைக்கலையே. எங்கேருந்து மஞ்சள் தீயற வாசனை வருது?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்குவதற்குள் சித்தி பாய்ந்து சுவரில் இருந்த ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள். சில்லின் மேல் விரலை வைத்து, சுட்டுக்கொண்டு உதறினாள். அதன் மூலைகளில் மஞ்சள் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

"போச்சா?" என்றார் தாத்தா.

மாமா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். குத்திக்காட்டும் குரலில் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமான இரக்கத்தோடு பேசினார். "நான் அப்பவே சொன்னேன். விடும்மா. எது எது எங்க இருக்கணுமோ அங்க இருந்தாத்தான் நல்லது. நாளைக்குக் காலைல வண்டி. துணியை எடுத்து வை."

சித்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "புத்தகத்துல என்னடி போட்டிருக்கு?"

நான் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்திலேயே இருந்தது, தடித்த எழுத்தில். அதை உனக்கும் அப்படியே சொல்கிறேன், நீ கேட்ட பதில் இதுதான். அந்தக் காலத்துச் சில்லு நாலு பக்கத்தில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சாக்கெட்டில் உட்கார்ந்துவிடும். இப்போது வருகிறவை அப்படி இல்லை, தப்பாக வைத்தால் உட்காரவே உட்காராது. உன் கையில் இருப்பது மறுக்கத் தெரியாத வகை. அதனால் நீதான் பார்க்க வேண்டும். சில்லின் ஒரு மூலையில் கடுகளவு ஒரு புள்ளி இருக்கும், அந்த மூலை மட்டும் லேசாகச் சீவினாற்போல் இருக்கும். சாக்கெட்டிலும் ஒரு மூலை வித்தியாசமாக இருக்கும். அந்த மூலையும் இந்த மூலையும் சேர வேண்டும். எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை.

"ஒரு மூலைல புள்ளி இருக்குமாம் சித்தி" என்றேன்.

"எங்க?"

நான் சில்லைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். நாலு மூலையும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தது.

அம்மாதான் முதலில் பேசினாள். "வேற எப்படியாச்சும் கண்டுபிடிக்க முடியாதா? அடியில கிடியில ஏதாச்சும் அடையாளம்?" அவள் எதைத் தவிர்க்கப் பார்த்தாள் என்று எனக்கும் புரிந்தது. துறையூரில், சித்தப்பா இறந்த பத்தாம் நாள், சித்தியைச் சுற்றி உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதை நான் பார்த்ததில்லை. ஆனால் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அன்று காலைதான், அத்தனை வருஷத்துக்குப் பிறகு, அவள் கை மஞ்சளைத் தொட்டிருந்தது.

சித்தி கம்பியைத் தூக்கிச் சில்லை எடுத்தாள். அது ஆறியிருந்தது. புடவைத் தலைப்பின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டாள்.

"கனகா," என்றார் மாமா. "வச்ச மஞ்சளைத் துடைக்காதம்மா. வேணாம்."

"அன்னிக்கு என்னைக் கேட்டுக்கிட்டா துடைச்சாங்கண்ணே?" என்றாள் சித்தி. சத்தமாகச் சொல்லவில்லை. "இது நானா வச்சது. எனக்கு அடியில இருக்கறது தெரியணும். நானே துடைச்சிக்கிறேன்."

முதல் மூலையைத் துடைத்தாள், வெறும் சாம்பல் நிறம். இரண்டாவது மூலை. மூன்றாவது மூலையில், தீய்ந்த மஞ்சளுக்கு அடியில், அந்தப் புள்ளி இருந்தது. நாலாவதைத் தொடாமல் விட்டுவிட்டாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி கீழே யாரோ கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா சில்லை வாங்கக் கை நீட்டினார். "இல்லத்தான், நானே வைக்கிறேன்" என்று சொல்லி, புள்ளியைச் சாக்கெட்டின் மூலையோடு சேர்த்து வைத்தாள். இந்தத் தடவையும் அது அதே மாதிரிதான் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சரியான பக்கமும் தப்பான பக்கமும் விரலுக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன, கண்ணா. அதைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே சுகமாக உட்கார முடிகிறதோ அதுதான் நம் இடம் என்று சொல்கிறவர்கள் நம்மேல் பிரியம் இல்லாதவர்கள் அல்லர். மாமா சொன்னதில் பொய் இல்லை. துறையூர் வீட்டில் சித்தி ஒரு சிரமமும் இல்லாமல் பொருந்தித்தான் போயிருப்பாள்.

அவள் மறுபடி சுவிட்சைப் போட்டாள். வெந்தது வெந்துபோயிருக்குமோ என்ற பயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பீப். கண்ணைத் திறந்தால் திரையின் இடது மூலையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. தாத்தா, "அச்சா, அச்சா" என்று தன்னை மறந்து அலுவலக இந்தியில் சொன்னார். அம்மா போய் எல்லாருக்கும் காபி போட்டாள். சில்லை ஆறவிட்டு, சாயங்காலம் கடைக்குப் போய் விசிறியை வாங்கிவந்து பொருத்தினோம். மென்பொருள் ஏறியது.

சித்தி மாதிரிக்கு ஒரு பத்திரிகை அடிக்கத் தொடங்கினாள். என்ன பெயர் போடுவது என்று தெரியாமல், எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் எங்கள் பேப்பர்காரருக்கும் கல்யாணம் நிச்சயித்தாள். சற்று நேரத்தில் மாமா ஸ்டூலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொறுக்கவில்லை.

"தாய்மாமன் பேரு எங்க?"

"வைக்கணுமா?"

"என்ன இப்படிக் கேக்கறே? தாய்மாமன் பேரு இல்லாம ஒரு பத்திரிகையா? கீழ, வலது பக்கம். பெரிசா போடு. அப்புறம் சுபமுகூர்த்த நேரம் நடுவுல வரணும், இப்படி ஓரத்துல ஒதுக்கினா எந்த வீட்ல ஒத்துக்குவாங்க?"

அவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஊரில் எத்தனையோ கல்யாணங்களுக்குப் பத்திரிகை எழுதிக் கொடுத்தவர் அவர். எழுத்துக்கள் பெரிதாகிச் சிறிதாகி, வரிகள் மேலும் கீழும் நகர்வதைப் பார்த்து அவருக்கு நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் முழுவதையும் வாய்விட்டு ஒரு முறை வாசித்து, "குத்தம் சொல்ல எடமில்ல" என்றார். பிறகு எழுந்துபோய்த் தன் பெட்டியைக் கட்டினார். சித்தியின் துணிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவரை ரயிலேற்ற நானும் சித்தியும் போனோம். பனிமூட்டத்தில் வண்டி தாமதம். பிளாட்பாரத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது அவர் கடைசியாக ஒருமுறை, "டிக்கெட் இருக்கு. ஒன் பேர்லதான் இருக்கு" என்றார். "நீங்க கால் நீட்டிப் படுத்துக்கிட்டுப் போங்கண்ணே. அங்க அண்ணிக்கு ஒரு ஆள் வச்சுக் குடுங்க, சும்மா அல்லாட விடாதீங்க" என்றாள் சித்தி. மாமா முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் தலையில் ஒருமுறை வைத்தார்.

நீ குர்கான் வேலையை விட்டுவிட்டு, நண்பர்கள் இருவரோடு சேர்ந்து குவஹாத்தியில் எதையோ தொடங்கப்போகிறேன் என்று சொன்னபோது, "இங்கே உனக்கு என்ன சிரமம்?" என்று நான்தான் கேட்டேன். "ஒரு சிரமமும் இல்லம்மா" என்றாய், அதற்குமேல் விளக்கவில்லை. உனக்கு விளக்கத் தெரியவில்லை என்று நினைத்துக் கோபப்பட்டேன். நீ சொன்னதிலேயே விளக்கம் இருந்தது என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது. நீ எடுத்த முடிவு சரியா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் இப்போது தெரியாது. ஆனால் போட்ட பிறகு தவறு என்று தெரிந்தால் உடனே ப்ளக்கைப் பிடுங்கு, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதே. திரும்பி வந்தாலும் இது உன் வீடுதான். அதற்கு முன், எது அடையாளம் என்று நீயே பார். நாங்கள் ஆசையாக அதன் மேல் எதையாவது பூசி வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் பார். எங்களுக்கு வருத்தமாக இருக்கும். பரவாயில்லை.

மாமாவை அனுப்பிவிட்டு நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பஸ் பிடித்துக் கரோல் பாக் போனோம். பல்பீர்ஜி மாதிரிப் பத்திரிகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வாசிக்கத் தெரியாததால், வரிகளின் வரிசையையும் ஓரங்களையும் மட்டும் தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என்னிடம், "தப்பு ஏதும் இல்லையே, மகளே?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரோஜினி நகரில் ஒரு வீட்டுக் கல்யாணம், தை கடைசியில், இன்றைக்கே தொடங்க வேண்டும் என்று ஒரு தாள்கட்டை எடுத்துச் சித்தியிடம் கொடுத்தார். ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, யார் பெயரில் எழுதட்டும் என்றார்.

"கனகவல்லி."

எழுதினார். பேனாவை எடுக்காமல், வழக்கமாகக் கேட்பதுபோல், "கேர் ஆஃப்?" என்றார். சித்தியின் ரேஷன் கார்டிலும், ஊரிலிருந்து வரும் கடிதங்களிலும், எங்கள் வீட்டுக் கதவிலும்கூட, அவள் பெயரோடு எப்போதும் இன்னொரு பெயர் இருக்கும். அப்பா பெயர், சித்தப்பா பெயர், மாமா பெயர், கடைசியாக என் அப்பா பெயர்.

"இல்லை ஜி," என்றாள் சித்தி இந்தியில். "கனகவல்லி, அவ்வளவுதான்."

போய் வா, கண்ணா. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது, தமிழிலேயே எழுது. பிழை இருந்தால் நான் திருத்தமாட்டேன்.

உன்
அம்மா